மாஸ்டர் பென்சிலில் கேட்ட கேள்வி

அன்பு மகள் பட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் இப்போதைக்குக் கேட்காதே, அங்கே நீ நன்றாக இருக்கிறாய் என்று உன் குரலில் கேட்ட பிறகு அதைச் சொல்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். இந்த வாரத்தில் மூன்று தடவை போனில் சொல்ல ஆரம்பித்து, மூன்று தடவையும் சாப்பிட்டாயா, துணி காய்ந்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நீயும் என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், சளி என்று சொன்னேன். சளி இல்லை. அப்பா சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார், இப்போது குளியலறைக் குழாயும் சேர்ந்து சொட்டுகிறது, ஆனாலும் பிளம்பரைக் கூப்பிட விடமாட்டேன் என்கிறார். மாடியில் இருக்கும் டீச்சர் உன்னைக் கேட்டார். உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டாகிவிட்டது. இதெல்லாம் எழுத எனக்குக் கை நன்றாக ஓடுகிறது பார், சொல்ல வேண்டியதற்கு வரும்போதுதான் நின்றுவிடுகிறது.

உன் ஸ்கூபா மாஸ்டர் போய்விட்டார் என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். நீ சரிம்மா, வேலை இருக்கு, பிறகு பேசறேன் என்று வைத்துவிட்டாய். உனக்கும் அவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை என்பது எனக்குத் தெரியும், அந்தக் கோபத்தோடு அழவும் முடியாமல் நீ அங்கே தனியாக உட்கார்ந்திருப்பாய் என்பதும் தெரியும். எப்படிப் போனார் என்று நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு டைவிங் பள்ளியில் குழந்தைகள் வகுப்பு. நான் தையல் வேலை பார்க்கிற பின்னறையில் ஒரு டைவிங் உடைக்கு ஜிப் மாற்றித் தைத்துக்கொண்டிருந்தேன். குளத்துப் பக்கம் சத்தமே இல்லை. குழந்தைகள் வகுப்பில் சத்தம் இல்லை என்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம் அல்லவா, ஆனால் நான் ஜிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலிண்டரில் காற்று நிரப்புகிறவர், நீ காத்துக்காரர் என்று பேர் வைத்தவர், ஓடி வந்து அக்கா, மாஸ்டரைக் கொஞ்சம் வந்து பாருங்க என்றார். நீல பெஞ்சில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் நீந்துகிற ஃபின் மாட்டியிருந்தது, இன்னொன்று மடியில் இருந்தது. தண்ணீர் அவரைத் தொடவே இல்லை பட்டு, தலைமுடிகூட நனையவில்லை. எட்டுக் குழந்தைகளும் குளத்தின் விளிம்பைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், நான் சொல்றவரைக்கும் யாரும் கையை விடக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தாராம். அவர் சொல்லவில்லை, அவர்களும் விடவில்லை. நாங்கள்தான் ஒவ்வொரு கையாகப் பிரித்துத் தூக்கினோம். இதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஐம்பத்து நான்கு வயது.

கடைசியாகப் பார்க்க அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா, தெரு கொள்ளவில்லை. உன்னோடு படித்த அந்தக் குண்டுப் பையன் இப்போது வங்கியில் வேலை பார்க்கிறான், டையோடு வந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். படகு கிளம்புமுன் மாஸ்டர் ஈரக்கையால் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவாரே, கடைசியில் தன் தலையையும் தொட்டு நான் பதிமூணு என்று சொன்ன பிறகுதானே என்ஜினைப் போட விடுவார், அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அழுகை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அழுகைக்கு முன்னால் வேறு ஒன்று வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதைச் சொல்ல நீ குழந்தையாக இருந்த காலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், கோபப்படாமல் கடைசிவரை படி.

உனக்கு ஐந்து வயதில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தோம் என்று சொல்லியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? காய்ச்சல் இல்லை அது. இழுப்பு. உனக்கு மூன்று வயதிலிருந்தே மூச்சு இழுக்கும். அந்தத் தடவை உதடு நீலமாகிவிட்டது, அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினார், ஆக்ஸிஜன் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நீ ஓடவே மாட்டாய். ஒரு இருமல் வந்தால் என்னைப் பார்ப்பாய், என் முகம் மாறுவதைப் பார்த்துப் பயந்துகொண்டு உட்கார்ந்துவிடுவாய். மற்ற குழந்தைகள் விளையாட, நீ படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாய். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வார்த்தையே இனி வீட்டில் வரக் கூடாது என்று அப்பாவிடம் சொன்னேன். மருந்தை வேறு பாட்டிலில் மாற்றி டானிக் என்று கொடுத்தேன். மெதுவாக நீ மறந்தாய், மறந்ததால் ஓடினாய், ஏழெட்டு வயதில் இழுப்பும் நின்றது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு சொல்ல நல்ல நாள் என்று ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை.

பதினைந்து வயதில் ஸ்கூபா கற்றுக்கொள்ள வேண்டும் என்று நின்றாய். சேர்க்கிற அன்று படிவத்தில் மூச்சிரைப்பு எப்போதாவது இருந்ததா என்று ஒரு கேள்வி. நீ பக்கத்தில் நின்றுகொண்டு கண்ணாடிக் கதவு வழியாகக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் இல்லை என்று டிக் போட்டேன். மாஸ்டர் படிவத்தைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், லிஃப்ட் இருக்கும்மா, அடுத்த தடவை அதுல வாங்க என்றார். இரண்டு மாடி ஏறி வந்ததில் உனக்கு மூச்சு வாங்கியதை அவர் கவனித்துவிட்டார். மறு வாரமே உங்கள் வகுப்பு முழுவதையும் நுரையீரல் டாக்டரிடம் கூட்டிப்போய்க் குழாயில் ஊதச் சொன்னாரே, ஏன்தான் இந்த மனுஷன் பாடாய்ப் படுத்துகிறாரோ என்று எல்லா அம்மாக்களும் திட்டினார்கள், நானும் சேர்ந்து திட்டினேன். அது உனக்காக மட்டும் பட்டு. உன்னைத் தனியாகக் கூட்டிப்போனால் நீ பயப்படுவாய் என்று பன்னிரண்டு பேரையும் ஊத வைத்தார். வருஷா வருஷம் அப்படித்தான்.

முதல் தடவை ஊதின அன்று சாயந்திரம் மாஸ்டர் வீட்டுக்கு வந்து, இழுப்பு உன்னை முழுசாக விடவில்லை என்று டாக்டர் கண்டுபிடித்ததை என்னிடம் சொன்னார். ஆழம் குறைவாக, பக்கத்தில் ஆள் இருந்தால், வருஷத்துக்கு ஒரு தடவை ஊதிப் பார்த்துக்கொண்டு போகலாம் என்றாராம் டாக்டர். அதற்கு மேல் ஆழம் கூடாது. கீழே சுவாசிக்கிற காற்று மேலே வர வர விரியும்மா, மூச்சுக்குழாய் சுருங்கிக்கிச்சுன்னா அதுக்கு வெளிய போக வழி இல்ல, நுரையீரல் தாங்காது என்று கையை விரித்துக் காட்டினார். நான் அழுதேன். அவளிடம் சொல்லாதீர்கள், மறுபடியும் படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவாள் என்று கெஞ்சினேன். சரிம்மா, பதினெட்டு வயசுவரைக்கும் நான் பாத்துக்கறேன், அதுக்கு மேல அவ மூச்சு அவளோடது, நீங்களேதான் சொல்லணும் என்றார். மற்றவர்களுக்கெல்லாம் தண்ணீருக்குள் ஜோடி மாறும், உனக்கு மட்டும் எப்போதும் மாஸ்டர்தான் ஜோடி, மாஸ்டரோட வால் என்று உன்னைக் கிண்டல் செய்தார்களே, என்னை மட்டும் நம்ப மாட்டேங்கறார் என்று வீட்டுக்கு வந்து பையை எறிவாயே, காரணம் இதுதான். நீ வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது ஆழப் பயிற்சிக்குக் கையெழுத்துக் கேட்டாய், டாக்டரைப் பாத்துட்டு வா, போடறேன் என்றார், எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டாய், அவர் வாயைத் திறக்கவில்லை. கிழட்டு ஆமை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தாய். அவர் வாயைக் கட்டிப் போட்டது நான். நீ திட்டிவிட்டு வந்த அன்றுகூட நான் பின்னறையில் தைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

உனக்குப் பதினெட்டு ஆனதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் புதுப் படிவம் கொடுக்கிற வாரத்தில் என் தையல் மிஷின் பக்கம் வந்து நின்று, சொல்லியாச்சாம்மா என்று கேட்பார். சொல்லிடறேன் மாஸ்டர் என்பேன். நீ போன பிறகும் கேட்டார். போன மாதம் நீ போனில், நாற்பது மீட்டர் ஆழம் போகப் போறேன்மா, ஆபீஸ்ல படிவம் எல்லாம் இல்ல இல்லன்னு டிக் போட்டுக் குடுத்தாச்சு என்று சந்தோஷமாகச் சொன்னாய். நல்லதும்மா என்றுதான் என் வாயில் வந்தது. இது எப்படியோ அவர் காதுக்கும் போயிருக்கிறது. அவர் போவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, என்னிடம் வந்து, சனிக்கிழமைவரைக்கும் பாப்பேன்மா, நீங்க சொல்லலேன்னா நானே அவளுக்குப் போன் பண்ணிடுவேன், எடுக்கலேன்னா அவ ஆபீசுக்குப் பண்ணுவேன் என்றார். அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு நாள்தான். மறுநாள் காலையில் பெஞ்சில் அவரைப் பார்த்தபோது, அழுகைக்கு முன்னால் என்ன வந்தது தெரியுமா? ஒரு நிமிஷம்கூட இருக்காது. இனிமேல் யாரும் சொல்ல மாட்டார்கள் என்று என் மனசு ஒரு பெருமூச்சு விட்டது. இறந்த மனுஷன் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், நான் தப்பித்தேன் என்று மூச்சு விடுகிறேன். அன்றிலிருந்து எனக்கு என்னைப் பார்த்தே பயமாக இருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம் கேட்டால் நீ எங்கே இருக்கிறாய் என்று எழுந்து போய் போனைப் பார்க்கிறேன்.

வருகிற திங்கட்கிழமை புது மாஸ்டர் வருகிறார் என்று, பழைய படிவ அலமாரியை ஒழுங்குபடுத்தச் சொன்னார் பள்ளி முதலாளி. அதில் மாஸ்டருடைய படிவமும் இருந்தது. எல்லாக் கேள்விக்கும் இல்லை, இல்லை, இல்லை. ஆனால் அவருடைய மாஸ்க் டப்பாவில் நெஞ்சு வலி மாத்திரை இருந்தது என்று அவர் மனைவி கொண்டுவந்து காட்டி, உங்களுக்காவது தெரியுமா என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். ஊரையே ஊத வைத்த மனுஷன், எல்லார் பையையும் வைத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு வெளியிலேயே நின்றிருக்கிறார், ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை. அவருக்கும் சொல்லப் பயம் போல. அதற்கு இரண்டு படிவம் கீழே உன்னுடையது இருந்தது, நான் டிக் போட்ட அந்த முதல் படிவம். பின்பக்கம் அவர் பென்சிலில் எழுதியிருக்கிறார். தேதி போட்டு, அம்மா சொல்லியாச்சா, அதற்கு எதிரே, இல்லை. அடுத்த வருஷம் மறுபடியும், அம்மா சொல்லியாச்சா, இல்லை. அப்படியே ஆறு வரி. ஏழாவது போன திங்கட்கிழமைத் தேதி. கேள்வி இருக்கிறது, எதிரே ஒன்றும் எழுதவில்லை, சனிக்கிழமைக்காக விட்டு வைத்திருக்கிறார்.

அந்தப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கூரியர்காரர் ஐந்து நாள் என்கிறார், உன் ஆழப் பயிற்சிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, ஆனாலும் எனக்கு அவர் பேச்சில் நம்பிக்கை இல்லை. வருகிற வியாழக்கிழமைக்குள் உன் போன் வரவில்லை என்றால் நானே உன் ஆபீசுக்குப் போன் செய்து, அரைகுறை இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், நம்பரை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியாகிவிட்டது, மானம் போகிறது என்று நீ கத்தினாலும் சரி. அங்கே ஒரு நுரையீரல் டாக்டரிடம் போ. மூன்று வயதிலிருந்து ஏழெட்டு வயதுவரை இழுப்பு, ஐந்து வயதில் நான்கு நாள் ஆக்ஸிஜன் என்று சொல், ஒன்றையும் குறைத்துச் சொல்லாதே. அவர் பார்த்துச் சொல்கிறவரைக்கும் குளத்தில்கூடச் சிலிண்டரோடு இறங்காதே. அவர் கூடாது என்றால் கூடாதுதான், அந்தக் கோபத்தையெல்லாம் என் மேல் காட்டு, நான் வாங்கிக்கொள்கிறேன். நீ இங்கே இருந்தவரை உன் பக்கத்தில் கை எட்டுகிற தூரத்தில் ஒருவர் இருந்தார், இனிமேல் இல்லை, அந்த நினைப்பில்தான் எனக்கு உயிர் போகிறது. மாஸ்டர் மேல் மட்டும் கோபத்தை வைத்துக்கொள்ளாதே கண்ணு. அவர் உன்னை நம்பாமல் இல்லை.

அப்பா உன் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், ஒரு நாளும் இப்படிச் சொன்னவர் இல்லை, இப்போது குழாயைப் பிடித்துக்கொண்டு முதுகைத் திருப்பியபடி சொல்கிறார். நீ நீண்ட ஆயுசோடு, நிறைந்த மூச்சோடு இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசீர்வாதமும். படிவத்தின் பின்பக்கத்தை மறக்காமல் திருப்பிப் பார். ஏழாவது வரிக்கு எதிரே மாஸ்டர் விட்டுவைத்த இடத்தில், யாரும் அழிக்க முடியாதபடி பேனாவால், சொல்லியாச்சு என்று எழுதி இன்றைய தேதி போட்டிருக்கிறேன்.

உன் போனுக்காக மணியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா