நீலப் பூ முளைத்த இடம்

சின்னவளுக்கு,

அந்த நீலப் பூச்செடி எங்கே முளைத்திருந்தது என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. தெரிந்தவர் உன் அப்பா ஒருவர்தான், அவரோ தினம் ஓர் இடத்தைச் சொல்கிறார். மற்றபடி வீட்டில் எல்லோரும் சௌக்கியம், அத்தையும் அவள் முழங்கால் வலியும் ஒற்றுமையாக இருக்கிறார்கள், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் எழுதக் காரணம், நான் போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஜன்னலைத் துடைக்கிறார்.

லீவில் நீ சேகரித்த செடிகளைப் பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, தாளை மாற்றி மாற்றிக் காயவைத்து, பார்சலில் அனுப்பச் சொல்லி அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாய். அந்த வேலையை அவர் மந்திரி பதவி மாதிரி பார்த்தார். கட்டு முழுவதையும் மெத்தைக்கு அடியில் வைத்து மேலே படுத்துக்கொண்டார், இதழ் மடங்கிவிடும் என்று புரண்டுகூடப் படுக்கவில்லை. அதோடு நின்றிருக்கலாம். மகள் படிப்புக்குத் தன் பங்கும் இருக்கட்டும் என்று எங்கிருந்தோ அந்த நீலப் பூவைக் கிளையோடு ஒடித்து உள்ளே வைத்து, ஊருக்கு வெளியே தானாக முளைத்தது என்று சீட்டும் எழுதி அனுப்பிவிட்டார். மலையில் தோட்டம் போட்டு வளர்க்கிற செடி, சமவெளியில் தானாக முளைத்து இதுவரை யாரும் பார்த்ததில்லை, பேராசிரியர் கட்டுரை எழுதப்போகிறார், என் பெயரும் வரும் என்று நீ சொன்ன நாளிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. முடி வெட்டுகிறவர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. அத்தை மட்டும் மசியவில்லை. கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் எல்லாம் ஒரே குடும்பம் என்று நீ சொன்னதையே அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரே குடும்பம்னா எப்படி ஒரே சட்டியில சண்டை போடாம வேகுது?" என்கிறாள்.

இடத்தைப் பற்றி அப்பா முதலில் ரயில் பாதை ஓரம் என்றார். அப்புறம் ஏரிக்கரை. நேற்று அது முள்புதர் ஆகி, புதருக்குள் ஒரு பாம்பும் வந்துவிட்டது. சட்டையில் ஒரு கீறல்கூட இல்லையே என்றேன், பாம்பு வழி விட்டது என்கிறார். டீக்கடையைத் தாண்டி அந்த மனிதர் நடந்து நான் பார்த்ததில்லை. மாடியில் துணி காயப்போடும்போது, "பூப்பறிக்காதீர்கள்" என்று பலகை மாட்டியிருக்கும் எதிர்வீட்டு மதிலுக்கு உள்ளே நீலமாக ஏதோ தெரிகிறது. அந்த வீட்டுப் பெரிய டீச்சர் அப்பாவுக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தவர், இன்றைக்கும் அவரைக் கண்டால் அப்பா சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கிறார். நான் யார் மேலும் பழி போடவில்லை. நீலமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

தண்ணீர் பரிசோதிக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில், எந்தக் கிணற்றில் எடுத்த தண்ணீர் என்று எழுதாத பாட்டிலை வாங்கவே மாட்டோம். பொய்யாக எழுதி வருவது அதைவிட மோசம், அதை நம்பி வாங்கிவிடுவோம். எந்தச் செடி எங்கே தானாக வளர்கிறது என்பதுதானே உன் படிப்பே. உன் பெயர் முதல்தடவை அச்சில் வருவது உன் அப்பாவின் பாம்பை நம்பியதாக இருக்க வேண்டாம். நான் விசாரித்துச் சொல்லும் வரை கட்டுரையை அனுப்பவேண்டாம் என்று பேராசிரியரிடம் கேட்டுக்கொள். ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஆனாலும் கேள்.

மழையில் செடி தேடப் போனால் தலையைத் துவட்டிக்கொள். பல் டாக்டரிடம் போகச் சொன்னேன், இன்னும் போகவில்லை என்று தெரிகிறது, போ. உன் மனமும் உடம்பும் தெம்பாக இருக்கட்டும், எடுத்த காரியம் கைகூடட்டும்.

உன் அம்மா

மறுநாள் சேர்த்து எழுதுவது: உறையை இன்னும் ஒட்டவில்லை. காலையில் அந்த இடத்தைக் காட்டுங்கள் என்று அப்பாவைக் கிளப்பிக்கொண்டு போனேன். ரயில் பாதை வரை நடந்தோம், போன வாரம் இங்கேதான் இருந்தது, ஆடு மேய்ந்திருக்கும் என்றார். திரும்பும்போது எதிர்வீட்டு கேட்டை நெருங்க நெருங்க அவர் நடை ஓட்டமானது. உள்ளேயிருந்து "டேய், நில்லு" என்று குரல் வந்தது. நின்றார். கையையும் கட்டிக்கொண்டார்.

"கிளைய ஒடிச்சது நீதானே?"

"ஒண்ணே ஒண்ணுதான் டீச்சர். பொண்ணு படிப்புக்கு."

"படிப்புக்காகத் திருடலாம்னு நான் எந்தப் பாடத்துலடா நடத்தினேன்?"

உன் கட்டுரை விஷயத்தைச் சொல்லி, இந்தச் செடி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காற்றில் விதை வந்திருக்கும் என்றார். பிறகு பறவை என்றார். பாம்பு வருவதற்குள் நான் இன்னொரு தடவை கேட்டேன். மலை ஊருக்குச் சுற்றுலா போனபோது, அரசாங்கப் பூங்காவில், தோட்டக்காரர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், ஒரு கிளை. "சின்னக் கிளைதான்மா, குடைக்குள்ள வச்சுக் கொண்டுவந்தேன்" என்றார். அப்பா கட்டிய கையைப் பிரித்துவிட்டார்.

அப்புறம் இரண்டு பேரும் கேட்டருகே தணிந்த குரலில் பேசி, இது வெளியே போகக்கூடாது என்று ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னிடம் யாரும் சத்தியம் கேட்கவில்லை.