நடுவர் கை தூக்கும் முன்

எங்கோ ஓர் ஓட்டல் அறையில் காலை நீட்டிப் படுத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் மாமாவும் நலம். உங்கள் அணி விக்கெட் கீப்பரின் மனைவி நாளை அங்கே வர விமானம் ஏறுகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. தண்ணீர் மோட்டார் மறுபடியும் மக்கர் பண்ணுகிறது. பார்க்க வந்த மெக்கானிக், "சார் செஞ்சுரி அடிக்கட்டும்மா, அன்னிக்கே வந்து ஃப்ரீயா மாத்தித் தரேன்" என்றான். அவனுக்கு உங்கள் ஆட்டம் தெரியாது போலிருக்கிறது. நீங்கள் கட்டை போட்டு நூறைத் தொடுவதற்குள் எங்கள் தொட்டி வறண்டுவிடும். மாமா தன் பிள்ளையின் அடுத்து வரும் நூறாவது டெஸ்டுக்கு உடுத்திக்கொள்ள ஒரு கோட்டு தைத்திருக்கிறார். அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நின்றாராம். இப்போது மூச்சு விட்டால் பொத்தான் போட முடியவில்லை. அதை மாட்டிக்கொண்டுதான் டிவி முன்னால் உட்காருகிறார்.

மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. இது உங்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கும். ஆனால் அவள் அதைப் போனில் மூன்று நாள் சொல்லிவிட்டாள். மூன்று நாளும் அப்போதுதான் கேட்பவர் போலச் சந்தோஷப்பட்டீர்கள். அவள் விளையாட்டு என்று நினைத்து, பல் விழுந்த கதையை ஒவ்வொரு நாளும் மாற்றி மாற்றிச் சொன்னாள். நான் சமையலறைக்குப் போய் அழுதேன். போனில் சொன்னது உங்களிடம் நிற்பதில்லை. அதனால்தான் கடிதம். மறந்தால் திரும்பப் படிக்கலாம்.

போன டெஸ்டில் அந்தப் பந்து ஹெல்மெட்டில், காதுக்குப் பின்னால் பட்டதே, எல்லாம் அதிலிருந்துதான். அணி டாக்டர் உங்களை உட்கார வைத்து, இது எந்த மைதானம், ஸ்கோர் என்ன, கடைசி ஓவர் போட்டது யார் என்று கேட்டாராம். அதற்கு முன்பே கீப்பரிடம் கேட்டு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தீர்கள். "பிட்டடிச்சே பாஸாயிட்டேன்டி" என்று போனில் சிரித்தீர்கள். நானும் கூடச் சிரித்துத் தொலைத்தேன்.

அதன் பிறகு வந்தது இந்தத் தொண்ணூற்றொன்பதாவது ஆட்டம். அறுபதைத் தாண்டி நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தீர்கள். திடீரென்று ஓவருக்கு நடுவே மட்டையை நிமிர்த்திப் பிடித்து, லெக் ஸ்டம்புக்கு நேராக இருக்கிறதா என்று நடுவரிடம் கேட்டீர்கள், அப்போதுதான் ஆட வந்தவர் மாதிரி. காலையில் ஆட வந்ததும் நடுவரிடம் கேட்டு நீங்கள் கீறிய கோடு உங்கள் காலடியிலேயே இருந்தது. பழம் தின்று கொட்டை போட்டவர், பந்து வீச்சாளரை எரிச்சல்படுத்துகிறார் என்று வர்ணனையாளர்கள் சிரித்தார்கள். மாமா தொடையைத் தட்டி, "என் பிள்ளை மூளை யாருக்கு வரும்?" என்றார். மறுநாள் பேப்பரிலும் உங்கள் தந்திரத்தைத்தான் புகழ்ந்தார்கள். தந்திரமாம்! காய்கறிக் கடையில் பேரம் பேசக்கூடத் தெரியாத மனுஷன் நீங்கள். கோடு கீறியதே உங்களுக்கு ஞாபகம் இல்லை.

எனக்கு அலுத்துப்போய்விட்டதுங்க. கல்யாணமான நாளிலிருந்து உங்கள் முகத்தை நேரில் பார்த்ததைவிட டிவியில் பார்த்ததுதான் அதிகம். அதைக்கூடக் குறையாகச் சொல்லமாட்டேன். முன்பெல்லாம் நீங்கள் அவுட் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். இப்போது நீங்கள் உள்ளே போனதும், சீக்கிரம் அவுட் ஆகி வரட்டும் என்று வேண்டுகிறேன். இன்னொரு பந்து அதே இடத்தில் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும்.

டாக்டரின் நம்பர் என்னிடம் இருக்கிறது. அழுத்திவிட்டு, மணி அடிக்கும் முன்னே நிறுத்தினேன். நூறாவது ஆட்டத்தைப் பெண்டாட்டி பறித்தாள் என்று நாளைக்கு நீங்களே என்னைப் பார்க்கக் கூடாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பந்து மட்டையில் உரசிக் கீப்பர் கைக்குப் போனால் நடுவர் கை தூக்கும் வரை நீங்கள் நின்றதே இல்லை. யாருக்கும் சத்தம் கேட்காதபோதும் கையுறையைக் கழற்றிக்கொண்டு நடந்திருக்கிறீர்கள். மாமா அதற்கு உங்களைத் திட்டியிருக்கிறார். நான் அதற்காகத்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன். இப்போதும் உரசியிருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் கேட்டிருக்கிறது. நடந்து வந்துவிடுங்கள்.

மாமாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். கோட்டை மகளின் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளட்டும், அதற்குள் இளைத்தும் விடுவார்.

இதை மடித்துப் பெட்டியில் வைக்காதீர்கள். வைத்தால் இப்படி ஒரு கடிதம் வந்ததே மறந்துவிடும். படித்து முடித்த கையோடு, இதைப் பிடித்துக்கொண்டே எழுந்து டாக்டர் அறைக்கு நடங்கள். பேச்சு வராவிட்டால் இதையே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கதவைத் திறக்கிற எங்களைப் பார்த்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மனுஷனாக நீங்கள் வீடு வந்து சேர வேண்டும். எனக்கு அந்த ஒரு ஆட்டம் போதும்.

பத்திரமாக வாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி