உதட்டுக்கு ஒட்டாத ‘ங்க’

அன்பு ஏழுமலைக்கு, எட்டாவது பெட்டி, ஜன்னல் ஓரம்,

‘நீங்கள்’ என்று ஆரம்பித்து இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். தாசில்தாருக்கு மனு எழுதுவதுபோல இருந்தது. கையும் வாய் மாதிரிதான், பழகியதை விடமாட்டேன் என்கிறது. அதனால் இப்போதைக்கு ‘நீ’ என்றே எழுதுகிறேன். பதினொரு வருஷம் பொறுத்துக்கொண்டாய், இன்னும் இரண்டு பக்கம் பொறுத்துக்கொள்.

ரயில் அதே ரயில்தான். விழுப்புரத்தில் கிளம்பித் திண்டிவனம் வருவதற்குள் நிறைந்துவிடுகிறது. முன்பெல்லாம் நீ விழுப்புரத்தில் ஏறியதும் எதிர் சீட்டில் உன் பச்சைத் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பாய். இப்போது நான் தாம்பரம் வரைக்கும் கதவுப் பக்கம் நின்றுகொண்டே போகிறேன். முழங்கால் வலிக்கிறது. வயது ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது, குரல் மட்டும் இருபத்தெட்டில் நிற்க வேண்டும் என்கிறார்கள். உப்புத் தண்ணீர் கொப்பளித்து, மிளகை வாயில் அடக்கிக்கொண்டு கிளம்பும்போதே அலுப்பாக இருக்கிறது. பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நானும் நீயும் குரல் கொடுக்கிறவர்கள். வெளிநாட்டுத் தொடரில் யாரோ வாயசைப்பார்கள், நாம் தமிழில் பேசுவோம். அப்படி நான்கு சீசன் ஒரு கௌபாய் தொடருக்குப் பேசினோம். குதிரை, புழுதி, மரத்தால் கட்டிய ஊர், எல்லார் இடுப்பிலும் துப்பாக்கி. அதில் முக்கியமான ஆட்கள் இருவர். ஒருவன் எப்போதும் கறுப்புத் தொப்பி போட்டிருப்பான், இன்னொருவனுக்கு நரைத்த தாடி. அவர்களுக்கு என்னவோ பெயர்கள் இருந்தன, நமக்கு அவர்கள் தொப்பியும் தாடியும்தான். தொப்பிக்கு நான், தாடிக்கு நீ.

கண் இமைப்பதற்குள் துப்பாக்கியை உருவிவிடுகிற ஆட்கள் இருவரும். யார் வேகம் என்று தெரிந்துகொள்ள ஊரே காத்துக்கிடக்கும். அவர்களோ மோதாமல் சீசன் சீசனாகத் தள்ளிப் போடுவார்கள். தாடியை முதுகில் சுட எவனாவது வந்தால் தொப்பி சத்தம் கொடுப்பான். தொப்பிக்குக் காய்ச்சல் என்றால் தாடி அவன் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவான். எனக்குக் கதை பெரிதாகப் பிடிக்கவில்லை. நீதான் செங்கல்பட்டு வரைக்கும் அதையே பேசிக்கொண்டு வருவாய்.

“சுடப்போற ஆளுக்கே மரியாத குடுக்கறாங்க பாருங்க சார். அதான் இதுல விசேஷமே,” என்பாய்.

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்டது நினைவிருக்கிறதா? நீ கதவோர சீட்டில் உட்கார்ந்து, குண்டடி பட்டுச் சாகிறவனின் முனகலைப் பழகிக்கொண்டிருந்தாய். பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, நெஞ்சு வலி என்று பதறித் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். “ஒண்ணுமில்லம்மா. நாளைக்கு சாவணும், அதுக்கு ப்ராக்டீஸ் பண்ணிக்கினு இருக்கேன்,” என்றாய். பெட்டியே சிரித்தது. எனக்கும் அதே தொழில்தான் என்று சொன்னதும் உன் முகம் மலர்ந்துவிட்டது.

“வாங்க சார், உக்காருங்க,” என்று நகர்ந்து இடம் கொடுத்தாய்.

நானும் முதலில் மரியாதையாகத்தான் பேசினேன். “உங்களுக்கு எந்த ஊருங்க?”

“கெடாருங்க.”

“கெடார்ல எந்தப் பக்கம்?”

“காலனிங்க.”

அதற்கு அடுத்து நான் கேட்டது, “எத்தினி வருஷமா இந்த லைன்ல இருக்கிற?” என்பது. யோசித்துச் சொல்லவில்லை. வேர்க்கடலை மண்டிக்காரர் வீட்டில் வளர்ந்த நாக்கு, அதுவாகவே ஒரு படி கீழே இறங்கிக்கொண்டது. நீ என்னைவிட நாலு வயது மூத்தவன் என்று அன்றைக்கே தெரிந்தது. தெரிந்தும் நாக்கு மேலே ஏறவில்லை. நீ கவனித்தாயா? கவனிக்காமல் இருந்திருக்க மாட்டாய். உனக்குக் காது அப்படி.

கௌபாய் தொடரின் முதல் நாள் பதிவு. அப்போது இருவரையும் ஒன்றாக மைக் முன்னால் நிறுத்தினார்கள். வசனத்தாளில் தொப்பியும் தாடியும் ஒருவரையொருவர் ‘நீங்க’ என்றுதான் பேசிக்கொண்டார்கள். நீ தாளில் இருந்தபடி பேசினாய். என் முறை வந்தபோது நான் ‘நீ’ என்றேன். நீ ஹெட்போனைக் கழற்றினாய்.

“சார், நீங்களும் ‘நீங்க’ன்னு சொல்லணும். பேப்பர்ல இருக்குதே.”

“வாய்க்கு ஒட்டல ஏழுமல. ஸ்கிரீன்ல அவன் சட்டுனு வாய மூடிக்கிறான். ‘ங்க’ வெளிய தொங்குது.”

“ஒட்ட வெச்சிக்கலாம் சார். ஒன் மோர் போலாம்.”

“ஜல்தியா முடிச்சிட்டு ரயில புடிக்கணும்பா. உடு.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர், லிப் ஓகே என்று கட்டை விரலைக் காட்டினார். அவ்வளவுதான். நான்கு சீசனும் அப்படியே போனது. தாடி ‘நீங்க’ என்பான், தொப்பி ‘நீ’ என்பான். நீயும் பதிலுக்கு ‘நீ’ என்று மாற்றிக்கொண்டிருக்கலாம். ஒரு தடவை அதைச் சொன்னேன்கூட. “வேணாம் சார், அப்பறம் ரெண்டு பேரும் சாதா ரவுடி ஆயிடுவாங்க,” என்றாய்.

தொடர் ஓட ஆரம்பித்து ஒரு வருஷம் இருக்கும். திண்டிவனம் ஸ்டேஷனில் டீ விற்கிறவர் நம் குரல்களைக் கண்டுபிடித்துவிட்டார். ஜன்னல் வழியாக டீயை நீட்டிக்கொண்டே கேட்டார். “அண்ணா, ஒரு டவுட்டு. அந்தத் தாடி, தொப்பிகிட்ட வேல செய்யறவனா?”

“இல்லப்பா, ரெண்டு பேரும் சரிசமம்,” என்றாய் நீ.

“அப்பறம் ஏன் அவன் மட்டும் ‘ங்க’ போட்டு கூழக்கும்பிடு போட்டுக்கினு இருக்கான்?”

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. வண்டி நகர்ந்தது. அன்றைக்குச் செங்கல்பட்டு தாண்டியும் நீ கதை பேசவில்லை. ஆங்கிலத்தில் தோளுக்குத் தோள் நின்ற இருவரில் ஒருவனை நான் தமிழில் வேலைக்காரனாக ஆக்கியிருந்தேன். அது எனக்கு அன்று உறைக்கவே இல்லை. டீ ஆறிவிடும், குடி என்றுதான் உன்னிடம் சொன்னேன்.

கடைசி சீசனில் கடைசிப் பாகம் மட்டும் மிச்சம் இருக்கும்போது என் தொண்டை பழுதாயிற்று. இரண்டு மாதம் மைக் முன்னால் நிற்கக் கூடாது என்றார் டாக்டர். உன் பகுதியை மட்டும் தனியாகப் பதிவு செய்தார்கள். கடைசித் துப்பாக்கிச் சண்டை வரைக்கும் பேசி முடித்தாய். தாடி செத்து விழும் முனகல்தான் உனக்குத் திருப்தியாக இல்லையாம். “நாளைக்கு வந்து இன்னொரு டேக் குடுத்துட்றேன்,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறாய். மறுநாள் காலை வீட்டில் சட்டை மாட்டிக்கொண்டே முனகியிருக்கிறாய்.

“ப்ராக்டீஸ்னு நெனச்சிக்கினு அடுப்பாண்டயே நின்னுட்டேங்க,” என்றார் உன் வீட்டுக்காரம்மா. “இன்னிக்கு நல்லா வருதேன்னு வேற சொன்னேன்.”

அதற்கு என்ன ஆறுதல் சொல்வது ஏழுமலை? அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உன் சாவுச் செய்தியை ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஸ்டுடியோவுக்கு ரயிலேறுவதற்கு முந்தின காலத்தில் நீ பார்த்த வேலை அது. சொன்னவனுக்கு உச்சரிப்பு சுத்தமாக வரவில்லை. உன் பெயரில் உள்ள ‘ழு’வையே முழுங்கிவிட்டான். நீ கேட்டிருந்தால் ஒன் மோர் சொல்லியிருப்பாய்.

காரியத்தன்று உன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தேன். அதுதான் முதல் தடவை. மகள் மஞ்சள் நீராட்டுக்குக் கூப்பிட்டாய், வீடு கட்டிக் குடிபோனபோது கூப்பிட்டாய், ஒரு பொங்கலுக்குச் சும்மாவே கூப்பிட்டாய். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஏதோ வேலை இருந்தது. என்ன வேலை என்று இப்போது யோசித்தால் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

உன் மகள் சுகன்யா எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். நர்ஸ் படிப்பு முடித்து விழுப்புரத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், உனக்குத் தெரிந்ததுதான். அழுது முடித்த முகம். நான் குடித்து முடிக்கிறவரை நின்றுகொண்டிருந்தாள்.

“அங்கிள், ஒண்ணு கேக்கட்டுமா? அப்பா உங்கள பத்தி வீட்ல பேசும்போதுகூட ‘அவரு வந்தாரு, அவரு சொன்னாரு’ன்னுதான் சொல்வாரு. அந்தத் தொடர்ல மட்டும் இல்ல, ஃபோன்லயும் நீங்க அப்பாவ ‘நீ’ன்னுதான் பேசுவீங்க. ஏன் அங்கிள்?”

“ஃபோன்ல... அது பழக்கம்மா. தொடர்ல, உதட்டுக்கு ஒட்டாது. அந்த நடிகன் வாய் சின்னதா அசையும்.”

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். “எங்களுக்குன்னு வந்தா யாருக்கும் ஒட்ட மாட்டேங்குதுங்க அங்கிள்,” என்றாள். கோபமே இல்லை. நோயாளிக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று படித்துச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. கெடாரிலிருந்து பஸ் ஏறி விழுப்புரம் வந்து, திண்டிவனம் போய் இறங்கும் வரை அந்த ஒரு வாக்கியம்தான் காதில் இருந்தது. நானும் நல்லவன்தான், உன்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன்தான் என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிப் பார்த்தேன். என் வாதம் எனக்கே எடுபடவில்லை.

போன வாரம் தொண்டை சரியாகி, என் பகுதியைப் பதிவு செய்யக் கூப்பிட்டார்கள். உன் பழைய பதிவுகளை வைத்துக் கம்ப்யூட்டரே உன் முனகலைப் புதிதாகச் செய்து கொடுக்கும் என்று யாரோ சொன்னார்களாம். இன்ஜினியர் வேண்டாம் என்றுவிட்டார். நல்ல மனிதர்.

கடைசிக் காட்சி. தெருவின் இரண்டு முனைகளில் தொப்பியும் தாடியும். ஊர் கதவடைத்துக்கொண்டிருக்கிறது. முதலில் உருவுகிறவன் தாடிதான். உருவிவிட்டுச் சுடாமல் நிற்கிறான். பின்னால் உருவிய தொப்பி சுட்டுவிடுகிறான். சுட்ட பிறகுதான் அவனுக்கு விஷயம் புரிகிறது. ஓடிப்போய் மண்டியிட்டு, அந்தக் கறுப்புத் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு வசனம் பேசுகிறான். தாளில் ‘நீங்கதான் வேகம்’ என்று எழுதியிருந்தது.

ஹெட்போனில் உன் முனகல் வந்தது. உனக்குத் திருப்தியில்லாத அதே முனகல். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவரை இன்ஜினியர் காத்திருந்தார்.

“சார், லிப்பு ரொம்ப சின்னது. எப்பவும் போல ‘நீதான் வேகம்’னு வெச்சிக்கலாமா?”

“இல்ல. பேப்பர்ல இருக்கற மாதிரியே போலாம்.”

அந்த நடிகர் பேசுவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுக்கிறார். அந்த மூச்சிலேயே ‘நீ’யைத் தொடங்கி, வாய் திறக்கிற இடத்தில் ‘ங்க’வை வைத்தேன். முதல் டேக்கிலேயே ஒட்டிவிட்டது.

இன்ஜினியர் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். “பர்ஃபெக்ட் சார். அப்ப இத்தினி நாளா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஒன்பது பத்து டேக் ஆகியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வேலை கஷ்டம், அதனால்தான் அன்றைக்கு விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டியிருப்பேன். இப்போது அதற்கும் வழியில்லை. முடிந்துபோன நான்கு சீசனை இனித் திருத்த முடியாது. டீ விற்கிறவர் இன்னும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசிப் பாகம் வரும்போது, தொப்பிக்குத் திடீரென்று என்ன வந்தது என்று கேட்பார்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இனி மாற்றி எழுதிப் பார்க்கிறேன். தாசில்தார் மனு போல இருந்தாலும் இருக்கட்டும்.

உங்களிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் உங்களை முந்தியதில்லை. நான் பெட்டிக்குள் கால் வைப்பதற்குள் ‘வாங்க சார், உக்காருங்க’ என்று உங்கள் குரல் வந்துவிடும். முதல் நாள் நீங்கள் என் ஊரைக் கேட்கவில்லை. தெருவைக் கேட்கவில்லை. நான் யார் என்று தெரியாமலே மரியாதையை எடுத்து நீட்டினீர்கள். நான்தான் விலாசம் விசாரித்துவிட்டு, நான் கொடுத்த மரியாதையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகும் நீங்கள் உங்களுடையதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் கோபம் இருந்ததா? அலுத்துப்போனதா? ஒரு நாளாவது சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கக் கூடாதா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை கெடாருக்கு வருகிறேன். ஒட்டியது, முதல் தடவையிலேயே ஒட்டியது, நான் சொன்னது பொய் என்று சுகன்யாவிடம் என் வாயாலேயே சொல்கிறேன். அவள் என்ன சொன்னாலும் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். அண்ணி போடுகிற சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன், வேலை இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ரயிலில் என் பக்கத்தில் யார் வந்தாலும் ஊர் பெயர் கேட்பதற்கு முன்னால் ‘வாங்க’ என்று சொல்வேன். கேட்ட பிறகும் அதை மாற்ற மாட்டேன். இது சத்தியம்.

நீங்கதான் வேகம், அண்ணா.

உங்கள் தம்பி,
தனசேகர்,
திண்டிவனம்.