மரியாதை தெரிந்த பேயின் வீடு

என் கண்ணான பங்காளி அருளுக்கு,

நம் பூங்காவைக் குத்தகைக்குக் கேட்டு ஒரு கம்பெனிக்காரர் வந்தார். மற்றதெல்லாம் இருக்கட்டும், நம் பேய் குடியிருக்கிற விருந்து வீட்டை மட்டும் இடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பேய்க்கோட்டை கட்டுவதாகச் சொன்னார். நான் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. நான் தேங்காய் மண்டிக்காரன். காயைத் தட்டிப் பார்த்து விலை சொல்லத் தெரியும், அவ்வளவுதான். நீ பந்தலும் சவுண்டு சர்வீசும் வைத்திருந்தாய். கிணத்துக்கடவு தாண்டி என் தோப்புக்குள் இரண்டு பேரும் சேர்ந்து பூங்கா போட்டோம். ராட்டினம் எல்லா ஊரிலும் இருக்கிறது, நமக்கு ஒரு பேய் வீடு வேண்டும் என்று சொன்னது நான். அந்தப் பேய்க்கு விருந்து வைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னது நீ.

அன்றைக்கு நான் எப்படிச் சிரித்தேன் என்று ஞாபகம் இருக்கிறதா?

நீ சிரிக்கவில்லை. வாசலில் வாழை மரம் கட்டினாய். வரிசையில் நிற்கிற இடத்தையே கல்யாணப் பந்தல் ஆக்கினாய். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நான் தேக்கு நாற்காலி வாங்கப் போனேன். "எந்தக் கல்யாணத்துல பங்காளி தேக்கு நாற்காலி பாத்தே?" என்று கேட்டு, உன் கடையின் பழைய பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கினாய். சந்தனமும் கல்கண்டும் நீட்டுகிற பெண், சீட்டைக் கிழிப்பதற்கு முன்னால் வருகிறவர்களைப் பார்த்துக் கேட்பாள்: "நீங்க பொண்ணு ஊடுங்களா, மாப்பிள்ளை ஊடுங்களா?" வரிசை அங்கேயே இரண்டாகப் பிரிந்துவிடும். வேடிக்கை பார்க்க வந்தவனுக்குப் பயம் வராது, சொந்தமாக வந்தவனுக்குத்தான் வரும் என்பது உன் கணக்கு.

உள்ளே ஆட்களை உட்காரவைத்துக்கொண்டு வண்டி நகரும். வீடு நிறைய விருந்து, ஒரு ஆள் கிடையாது. இலை போட்டிருக்கும். டம்ளரில் தண்ணீர் தானாக நிறையும். ஒரு பெண் குரல் மட்டும், "வாங்க கண்ணு, உக்காருங்க" என்று ஒவ்வோர் அறையிலும் கூப்பிடும். அறைக்கு அறை கொஞ்சம் கிட்டே வரும். கடைசி அறையில் விளக்கு அணைந்து, ரசம் கொதிக்கிற வாசனை வரும். அப்போது காதோரத்தில், அதட்டாமல், வருத்தமாக: "சாப்பிடாமப் போறீங்களே."

பெரிய பெரிய ஆம்பிளைகள் எல்லாம் அந்த இடத்தில் அலறியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குரல் உன் மனைவி ஸ்டெல்லா பேசி நீ பதிவு செய்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

பொருட்காட்சிக்காரர் ஒருவரிடம் மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் எலும்புக்கூடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். நீ ஒன்றைக் கையில் எடுத்து, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தாய்.

"ஏன் பங்காளி, இதுக்கும் இந்த ஊட்டுக்கும் என்ன உறவு?"

"பேய் ஊட்டுல எலும்புக்கூடு இல்லாம?"

"இது பேய் ஊடு இல்ல. விருந்து ஊடு. பேய் சமைச்சிருக்குது, அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு எதைக் கொண்டுவந்தாலும் அதே கேள்வி. கலர் விளக்குக்கு என்ன உறவு? சோடாக் கம்பெனி பேனருக்கு என்ன உறவு? உங்கள் சர்ச்சில் கிறிஸ்மஸ் குடில் போடும்போதும் நீ இப்படித்தானாம். ஆட்டுக்குட்டியைவிடச் சின்னதாக ஒட்டகம் வந்தால் எடுத்துக் கீழே வைத்துவிடுவாய் என்று ஸ்டெல்லா சொல்வாள். ஒரே ஒரு ஒயர் தெரிந்தாலும் மாட்டுத்தொழுவம் போய்விடும், ஒயர்தான் மிஞ்சும் என்பாயாம்.

எலும்புக்கூடுகள் இன்னும் குடோனில் சாக்குகளுக்குப் பின்னால் கிடக்கின்றன. வாங்குவார் இல்லை.

இவ்வளவு பேர் அலறுகிறார்களே, இனி என்ன வேண்டும் என்று ஒரு நாள் கேட்டேன். "அலறுனாப் பத்தாது பங்காளி. பதில் சொல்லோணும். பேயின்னு மறந்துபோட்டு ஒருத்தனாவது பதில் சொல்லோணும்" என்றாய். அப்படி ஒருவரும் நீ இருக்கும் வரைக்கும் சொல்லவில்லை.

கடைசியாக, படுக்கையில் கிடந்த உன்னைப் பார்க்க வந்தபோது மண்டியில் லோடு காத்திருந்தது. ஸ்டெல்லா அடுப்படியில் இருந்தாள். நான் எழுந்ததும் நீ தலையணையில் இருந்தபடியே, பேயின் குரலை அப்படியே பிடித்து, "சாப்பிடாமப் போறீங்களே" என்றாய். நான் சிரித்துக்கொண்டே "வாரேன்" என்று கிளம்பினேன். திரும்பி வந்தபோது உன் வாசலில் உன் கடைப் பையன்களே பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கம்பெனிக்காரர் கதைக்கு வருகிறேன். அவர் சொன்ன தொகை நல்ல தொகை. உன் பங்கு ஸ்டெல்லாவுக்குப் போய்ச் சேர வேண்டும், மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். உன் ஞாபகத்துக்காக ஒரு கட்டடத்தை நிறுத்தி வைத்துவிட்டு உன் குடும்பத்தைக் காயப்போட முடியுமா? நீயே சொல். எதற்கும் ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள் என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

பேண்ட், சட்டை, காதில் போன் கருவி, வாயைத் திறந்தால் இங்கிலீஷ். பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பேய் மரியாதையாகப் பேசப் பேச அவருக்குச் சிரிப்பு. மூன்றாவது அறையில் சிரிப்பு நின்றது. கடைசி அறையில் விளக்கு அணைந்தது, ரசம் மணத்தது, ஸ்டெல்லாவின் குரல் அந்த வார்த்தையைச் சொன்னது. இருட்டுக்குள் அந்த மனுசன் சொன்னார்: "இல்லைங்க, இன்னொரு நாள் வாரேனுங்க."

அருள், பதில் சொல்லிவிட்டார்!

வெளியே வந்ததும் அவருக்கே வெட்கம். சொந்த ஊர் பவானியாம். வருசக்கணக்காக இந்தப் பேச்சு வாயில் வரவில்லையாம். நீ வைத்தபடியே வெளிவாசல் நேராகச் சாப்பாட்டுக் கூடத்தில்தானே திறக்கிறது, கையைக் கழுவிக்கொண்டு இலையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குள் இருந்த வியாபாரி மட்டும் முழித்துக்கொண்டுதான் இருந்தான். ரசத்தை ஊற்றிக்கொண்டே, குரல் இருக்கட்டும், அதைக் கோட்டைக்குள் வைத்துக்கொள்வோம் என்றார்.

உன் கேள்வியைத்தான் கேட்டேன். "கோட்டைக்கும் ரசத்துக்கும் என்ன உறவுங்க?"

ரசஞ்சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். பிறகு, விருந்து வீடும் சாப்பாட்டுக் கூடமும் நம்மிடமே இருக்கட்டும், மற்றதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். தொகை குறைந்தது. குறையாமல் எப்படி இருக்கும்?

அதனால் ஸ்டெல்லாவிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அருளின் பங்கைப் பிரித்து வாங்கிக்கொள்கிறாயா, இல்லை விருந்து வீட்டை இடிக்கச் சொல்லிப் பெரிய தொகையாகவே கேட்கட்டுமா, நீ எதைச் சொன்னாலும் சரி என்று அவளைக் கேட்டேன். "ஏனுங்ணா, நான் கூப்பிட்டு ஒரு மனுசன் பதில் சொல்லியிருக்கறான். இனி எப்படீங்ணா இடிக்கறது?" என்றாள். மகள் படிப்புக்குக் குத்தகையில் பாதி வந்தால் போதும், பங்கெல்லாம் பிரிக்க வேண்டாம் என்றாள். நான் எழுந்தேன். அவள் எழவில்லை.

"சாப்பிடாமப் போறீங்களே."

பேயின் குரல்தான், அருள். ஆனால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

பேசி முடித்தது இதுதான். வெளிப்பூங்கா கம்பெனிக்கு. குத்தகையில் பாதி ஸ்டெல்லாவுக்கு, மாதம் பிறந்ததும் என் கையால். விருந்து வீட்டுக்குள் எது வந்தாலும், உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் சர்ச்சில் பூசை முடிந்ததும் எனக்கு உன் வீட்டில் சாப்பாடு. மண்டியில் எந்த லோடு நின்றாலும் சரி.

இப்படிக்கு,
பங்கு பிரிக்காத உன் பங்காளி
பழனிச்சாமி