நான்காவது வேலி

கில்கீ
29 நவம்பர் 1987

அன்புள்ள கோப்னட்,

நானும் அக்காவும் நலம். கடல் காற்று முழங்காலுக்கு நல்லது என்றார்கள். என் முழங்காலுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

சோர்ச்சாவின் காரை எலும்பு கூடிவிட்டது என்று எழுதியிருந்தாய். மகிழ்ந்தேன். அடுத்த வரியிலேயே, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லிம்ரிக்கில் வேலி தாண்டும் பந்தயத்தில் நம் குதிரை சாக்பீஸை ஓட்டப்போவதாகவும், சவாரி செய்வது நம் மகள் சோர்ச்சாவே என்றும் எழுதிவிட்டாய். டீ ஆறிப்போனது.

பொறுமையாக யோசி. சாக்பீஸுக்கு ஆறு வயது. வேலி தாண்டி ஓடியது மூன்றே முறை: ஒரு வெற்றி, ஒரு இரண்டாமிடம், அக்டோபரில் சோர்ச்சாவோடு சேர்ந்து ஒரு விழுகை. எதிரே நிற்கப்போகும் பெல்ரிங்கருக்குப் பதினொரு வயது, நூற்றுக்கணக்கான வேலிகளைப் பார்த்த குதிரை. முதல் வகுப்புப் பிள்ளை மனப்பாடம் செய்த பக்கத்தை அழகாக வாசிக்கும், ஒரு சொல் தவறினால் அழும். பெரிய வகுப்புப் பிள்ளை தவறின சொல்லை விழுங்கிவிட்டு மேலே போகும். பெல்ரிங்கர் கணக்குத் தப்பி வேலிக்கு வந்தால் ஒரு குட்டி எட்டு வைத்துச் சமாளிக்கும். நம்முடையதற்குப் பாயத்தான் தெரியும்.

இன்னும் ஒரு வருடம் பொறுக்கக் கூடாதா?

உன்
பீடர்


புரஃப்
4 டிசம்பர் 1987

பீடருக்கு,

உன் கடிதம் வந்தது. லாயத்தில் சத்தமாக வாசித்தேன். லாடம் அடிக்க வந்திருந்த டின்னி, "வாத்தியாரு ரேஸ் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டாரு, மார்க்கு மட்டும் கறாரா போடுவாரு" என்றான். சோர்ச்சா சிரிக்கவில்லை. "குதிரையைப் பத்தி ஒரு பக்கம். என்னைப் பத்தி எலும்பு மட்டுந்தானாம்மா?" என்றாள்.

நீ விட்டதை நான் சொல்கிறேன். பந்தய விதிப்படி பெல்ரிங்கர் கிட்டத்தட்ட பன்னிரண்டு ஸ்டோன், அதாவது எழுபத்தைந்து கிலோ, எடை சுமக்க வேண்டும். புதுசு என்பதால் நமக்குப் பத்து ஸ்டோன்தான். மழை இப்படியே பெய்தால் தரை சேறாகிவிடும். சேற்றில் எல்லாமே மெதுவாகத்தான் வரும், வேலிக்கு முன்னால் யோசிக்க நம் குதிரைக்கும் நேரம் கிடைக்கும்.

என்னை உறுத்துவது அந்த ஒரு விழுகைதான். வீட்டில் ஒருமுறை கூடக் கால் தடுக்காத குதிரை, அன்று நான்காவது வேலியில் ஏன் விழுந்தது? சோர்ச்சாவும் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். இருபத்துமூன்றாம் தேதி காலை பத்து மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

அவள் விழுந்த மறுவாரமே நீ கடல் காற்றுக்குக் கிளம்பிப் போனதும் எனக்குப் புரியவில்லை.

கோப்னட்


கில்கீ
9 டிசம்பர் 1987

அன்புள்ள கோப்னட்,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

அக்டோபரில் அந்த ஞாயிற்றுக்கிழமை, பாடகர் குழு ஒத்திகைக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். போகவில்லை. பஸ் பிடித்துப் பந்தயம் நடந்த வயலுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் சோர்ச்சாவின் சவாரியை நான் பார்த்ததே இல்லை. நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரியும். யாரும் பார்க்காத இடம் என்று நான்காவது வேலிக்குப் பக்கத்தில், முன்னால் பள்ளம் வெட்டியிருக்குமே, அங்கே முட்புதர் ஓரமாக நின்றேன். மழை வந்தது. குடையை விரித்தேன். குதிரை விழுந்தது.

விரித்தபிறகு விழுந்ததா, விழுந்தபிறகு விரித்தேனா? நினைக்க நினைக்க ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி தெரிகிறது. குடையைக் கண்டு மிரண்டிருந்தால் குதிரையின் மதிப்பெண்ணைக் குறைப்பது அநியாயம், தாராளமாக ஓட்டலாம். இல்லையென்றால் அதற்குப் பள்ளம் பழகவில்லை, அவளை அதன்மேல் ஏற்றவே கூடாது. பார்த்த ஒரே சாட்சி நான். எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. ஆட்கள் அவளைத் தூக்க ஓடினார்கள். என் கால் நகரவில்லை. வீட்டுக்கு வந்து, நீ ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது புதிதாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

பீடர்


புரஃப்
16 டிசம்பர் 1987

பீடர்,

கடிதத்தை அடுப்பில் போடத்தான் எடுத்தேன். போடவில்லை.

மறுநாள் பின் வயலில் பள்ளம் வைத்த வேலிக்குப் பக்கத்தில் நானே குடையோடு நின்றேன். சோர்ச்சாவிடம் காரணம் சொல்லவில்லை. குதிரை தாவும் நொடியில் பட்டென்று விரித்தேன். பத்து தடவை. சாக்பீஸ் குடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்து தடவையும் பூனை மாதிரி தாண்டியது. டின்னி, "மழையே இல்ல, அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு" என்று சிலுவை போட்டுக்கொண்டான்.

எனக்குத் தலை சுற்றியது. குடையும் இல்லை, பள்ளமும் இல்லை என்றால் வேறு என்ன?

சோர்ச்சா இறங்கி வந்தாள். "யாரு சொன்னா உங்களுக்கு, அப்பா வந்தாருன்னு?" என்றாள்.

அவளுக்குத் தெரியும், பீடர். அன்றே தெரியும். உன் குடைக் கிழிசலுக்குப் பச்சைத் துணியில் ஒட்டுப் போட்டவளே அவள்தானே? "புதர் மேல பச்சைத் துணி தெரிஞ்சுது. அப்பாவா, அப்பாவான்னு திரும்பிட்டேம்மா. ஒரே செகண்டு. அதுக்குள்ள வேலி வந்துருச்சு. குதிரை மேல தப்பே இல்ல."

"இத்தனை நாள் ஏண்டி சொல்லல?" என்றேன்.

"அவரா சொல்லுவாருன்னு பார்த்தேன். கீழ கிடக்கும்போது கூட அந்தப் பக்கந்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவள் கேட்பது இதுதான்: "வர்றாரா இல்லையான்னு சொல்லச் சொல்லுங்க. வந்தா எங்க நிப்பாருன்னும் சொல்லச் சொல்லுங்க. தெரிஞ்சுட்டா தேட மாட்டேன்."

உன் பதில் வந்தால்தான் பெயர் கொடுப்பேன். நான் கோபமாக இருக்கிறேன். பிளம் கேக்கில் உனக்கும் சேர்த்தே பிசைந்திருக்கிறேன்.

கோப்னட்


கில்கீ
19 டிசம்பர் 1987

அன்புள்ள கோப்னட், அன்புள்ள சோர்ச்சா,

குடை மேல் குற்றமில்லை என்கிறீர்கள். குடை பிடித்தவனைப் பற்றி இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. என் குழப்பம் தீரவில்லை. தீர்ந்தபிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் இருபத்துமூன்றாம் தேதி போய்விடும்.

பெயர் கொடுத்துவிடுங்கள். என் கணிப்பு: பெல்ரிங்கர் முதலில், சாக்பீஸ் இரண்டாவது. தரை சேறாக இருந்தால் முதலிடம் யாருக்கு என்று நான் சொல்ல மாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பஸ்ஸில் வருகிறேன். பந்தயத்தன்று லிம்ரிக்கிலும் நான்காவது வேலிக்கு இடப்பக்கம், கம்பியை ஒட்டி, எல்லோருக்கும் முன்னால் நிற்பேன். குடை எடுத்து வர மாட்டேன். மழை வந்தால் நனைவேன்.

சோர்ச்சா, நீ வேலியை மட்டும் பார். இந்த முறை ஏதாவது ஆனால் முதலில் ஓடி வருவது நானாக இருப்பேன், முழங்கால் என்ன சொன்னாலும் சரி.

அப்பா