கவசப் பெட்டிகளைத் திறக்க வேண்டாம்

உப்பங்காற்று ஓயாத நெடுங்கரையும், அக்கரை காக்கும் ஆயிரம் கலங்களும், கொடுத்த வாக்கை மீறாத குடிமக்களும் உடைய தென்மணல் நாட்டின் வேந்தர் இளம்பொறையனார் திருமுன்பு, பளிங்குமலை நாட்டை ஆளும் செங்காந்தள் தேவியாரின் ஆணைப்படி, அந்நாட்டுக் கல்விச்சாலைகளுக்கு நேற்றுவரை அமைச்சனாயிருந்த வாகையூர்க் கொற்றன் தாழ்ந்து வணங்கி எழுதும் ஓலை. தங்கள் குடையின்கீழ் வாழ்வோர் யாவரும் நலம் பெறுக. தங்கள் நாட்டுப் பிள்ளைகள் அனைவரும் இன்று மாலை தத்தம் வீடு திரும்புக. இவ்விடத்தில் வழக்கமாக எழுதும் மற்ற வாழ்த்துகளை விடுத்தேன். பொறுத்தருள வேண்டும். செய்தி அவசரமானது.

தாங்கள் கட்டி முடித்த புதிய கல்விச்சாலைக்கென, ஆறு நாளுக்கு முன் எங்கள் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பலில் அறுபது காட்சிக்கவசங்கள் வருகின்றன. அந்தப் பெட்டிகளைத் திறக்க வேண்டாம். அவற்றுள் ஒன்றையும் எந்தப் பிள்ளையின் தலையிலும் ஏற்ற வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், காரணத்தை இனிச் சொல்கிறேன். 

அவையில் இதைக் கேட்போர் சிலர் கவசத்தைக் கண்டிருக்க மாட்டார்கள். அது பளிங்கில் கடைந்து தோல்வாரில் கோத்தது, கண்ணையும் காதையும் முழுவதும் மூடுவது. கூடத்தின் நடுவில் நிற்கும் ஒளித்தூண் எதை அனுப்புகிறதோ, அணிந்தவர் அதையே காண்பார், அதையே கேட்பார். எங்கள் தலைநகர்க் கல்விச்சாலையின் மூன்றாம் நிலையில் உள்ள பெருங்கூடத்தில் நின்றுகொண்டே பிள்ளைகள் ஏழு கடலும் ஓடிப் பார்த்தார்கள். வைத்தியம் பயில்வோர் துடிக்கும் இதயத்துக்குள்ளேயே நடந்து அதன் கதவுகளை எண்ணினார்கள். அவ்வப்போது தூண் பிழை செய்யும். மீன்கள் காற்றில் நீந்தும், பறந்த நாரை நடுவானில் கல்லாய் நிற்கும், ஆசிரியருக்கு இரண்டு நிழல் விழும். பிள்ளைகள் அதைத் தூணுக்கு விக்கல் என்று சொல்லிச் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்தோம்.

விக்கலுக்கு அஞ்சி இரண்டு விதிகள் வைத்திருந்தோம். பாடம் நடக்கும்போது ஓர் ஆசிரியர் கவசம் அணியாமல் வெளியே நிற்க வேண்டும். கூடத்தின் கிழக்குப்புறம் மாடத்துக்குத் திறக்கும் இரட்டைக் கதவு தாழிட்டிருக்க வேண்டும். தங்களுக்கு வரும் பெட்டிகளை அந்த மாடத்திலிருந்துதான் கயிறு கட்டி முற்றத்து வண்டிகளில் இறக்கினோம். அதற்காக மாடத்தின் கைப்பிடிச் சுவரை இடித்தோம், கதவின் தாழ்ப்பாளையும் கழற்றினோம். பெட்டிகள் போய்விட்டன. சுவரும் தாழ்ப்பாளும் திரும்ப வைக்கப்படவில்லை. தூண் அளவுக்கு மீறிச் சூடாகிறது, காற்று வரட்டும் என்று பொறியாசான் கடம்பராயர் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லியிருந்தார்.

நான்கு நாளுக்கு முன், உச்சிவேளை நெருங்கும் நேரத்தில், பன்னிரண்டு பிள்ளைகள் கடற்பயணப் பாடத்தில் இருந்தார்கள். அவர்களுள் தாழை என்பவள் உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பத்துப் பெண், வயது பதினைந்து. எதையும் இருமுறை பார்த்த பின்பே நம்புகிறவள் என்று அவளுடைய ஆசிரியர் ஓதலனார் சொல்கிறார். இனி எழுதுவது பெரும்பாலும் அவள் வாயால் கேட்டது.

கப்பல் சுழலில் சிக்கும் இடத்தில் கடல் திடீரென ஓசை இழந்தது. அலை எழுந்தபடியே நின்றது. பிள்ளைகள் வழக்கம்போல் சிரித்தார்கள். வெளியே நின்ற ஓதலனார் கூப்பிட்டது அவர்கள் காதில் விழவில்லை. ஆகவே அவரும் ஒரு கவசத்தை மாட்டிக்கொண்டு, அவர்களை அழைத்துவரக் காட்சிக்குள் நுழைந்தார். அந்த நொடியிலிருந்து வெளியே யாரும் இல்லை.

அப்போது மணி ஒலித்தது. பாடம் முடிந்தது, கவசத்தைக் கழற்றுங்கள் என்ற குரல் கேட்டது. எல்லோரும் கையை உயர்த்தினார்கள். கை கொக்கியைத் தொடுமுன்பே கவசம் கழன்றது, கூடம் தெரிந்தது, வெயில் தெரிந்தது, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தது. எல்லோரும் கையைத் தாழ்த்தினார்கள். இரண்டு நாழிகை சுமந்த தலைக்குப் பாரம் மரத்துப் போயிருந்தது. வேந்தே, ஒரு கவசமும் கழலவில்லை. கழன்றதாகத் தூண் காட்டியது, அவ்வளவுதான்.

கூடத்தின் கிழக்குப்புறத்தில் படிக்கட்டு தெரிந்தது. அங்கே படிக்கட்டு என்றும் இருந்ததில்லை. பசி வேளையில் அதை யார் யோசிப்பார்? பந்திக்கு எப்போதும் முந்திக்கொள்ளும் எயினன் முதலில் நடந்தான். அவனுக்குப் பின்னால் பூங்குழை, அவளுக்குப் பின்னால் தாழை, மற்றவர்களும் ஆசிரியரும் அவர்களுக்குப் பின்னால். எயினன் நாலைந்து படி இறங்கித் திரும்பிப் பார்த்து, சீக்கிரம் வாருங்கள், இன்றைக்குப் புளிச்சோறு என்று சிரித்தான்.

தாழைக்கு வியர்த்திருந்தது. நெற்றியைத் துடைக்கக் கையை உயர்த்தினாள். விரல் நெற்றியில் படவில்லை. கண்ணுக்குத் தெரியாத, வழவழப்பான, குளிர்ந்த ஒன்றில் நகம் இடித்தது.

என்ன ஏது என்று யோசிக்கவில்லை, இரண்டு கையாலும் பின்கொக்கியைப் பிடுங்கிக் கவசத்தை இழுத்தெடுத்தேன் என்றாள். படிக்கட்டு மறைந்தது. அவள் சுவரில்லாத மாடத்தின்மேல் நின்றிருந்தாள். முன்னால் எயினன் இல்லை. கீழே கல் பாவிய முற்றத்தில் கிடந்தான். பூங்குழை ஒரு காலை வெறும் காற்றில் நீட்டியிருந்தாள்.

தாழை அவள் பின்னலைப் பற்றிப் பின்னுக்கு இழுத்தாள். யாரோ காணாத கை தன்னைப் பிடிப்பதாக எண்ணிய பூங்குழை அலறி, தோழியின் மணிக்கட்டைக் கீறி, காலால் உதைத்தாள். இருவரும் கூடத்துக்குள் உருண்டார்கள். மற்ற ஒன்பது பேரும் ஆசிரியரும் சிரித்துப் பேசிக்கொண்டு மாடத்தை நோக்கி வந்துகொண்டே இருந்தார்கள். நில்லுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினாள். மூடிய காதுகளில் அது ஏறவில்லை. ஒவ்வொரு கவசமாகக் கழற்ற நேரமில்லை. வெளிப்புறம் திறந்திருந்த கதவு இரண்டையும் இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாள் இல்லாத இடத்தில், தன் கவசத்தின் தோல்வாரைக் கதவு வளையங்கள் இரண்டுக்குள்ளும் கோத்து, அதன் முனைகளை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, தரையில் கால் ஊன்றிப் பின்னால் சாய்ந்தாள்.

அவர்கள் கண்ணுக்குக் கதவு திறந்தே இருந்தது. வெற்று வெளியில் முட்டியதும் முதலில் சிரித்தார்கள், பிறகு தள்ளினார்கள், பிறகு பயந்து முட்டி மோதினார்கள். ஓதலனாரே தோளைக் கொடுத்து இடித்தார். தாம் இடித்தது தம் உயிரைப் பிடித்திருந்த ஒரு பெண்ணின் கைகளை என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. வார் அவள் தோலை உரித்துச் சதையில் இறங்கியது.

முற்றத்துச் சமையற்கட்டில் நெல் குத்திக்கொண்டிருந்த வேம்பி என்னும் பணிப்பெண், ஏதோ விழுந்த ஓசை கேட்டு வெளியே வந்து எயினனைக் கண்டாள். நிமிர்ந்து பார்த்தபோது மேலே கதவு சாத்தப்படுவதையும் கண்டாள். கையில் இருந்த உலக்கையைப் போட மறந்து மேற்குப் படியால் ஓடி ஏறினாள். அவளைப் பார்த்ததும் தாழை, அக்கா, தூணை உடையுங்கள் என்று கதறினாள். எங்கள் நாட்டில் அந்தத் தூணைத் தொடவும் அரசாணை வேண்டும். வேம்பி யாரையும் கேட்கவில்லை. மூன்றே அடியில் தூண் சரிந்தது.

கவசங்கள் இருண்டன. இருட்டில் அழுதுகொண்டு உட்கார்ந்த பிள்ளைகளின் கொக்கிகளை வேம்பி ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வெளிச்சத்துக்கு வந்த பின்பும் அவர்கள் நம்பவில்லை. முகத்தைத் தடவிப் பார்த்தார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் தொட்டார்கள். இன்றுவரை அப்படியே செய்கிறார்கள். பூங்குழை எந்தப் படியிலும் கால் வைப்பதில்லை, அவளைத் தூக்கித்தான் இறக்க வேண்டியிருக்கிறது. எயினன் பொழுது சாய்வதற்கு முன் இறந்துபோனான். அவனுக்கு வயது பதினான்கு.

இந்த இடத்தில் என் பெயர் வருகிறது. மறைக்காமல் எழுதுகிறேன்.

அன்று பிற்பகல் நான் கல்விச்சாலைக்குப் போனேன். பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்று போனேன் என எழுத ஆசைதான். நாட்டின் பெயரைக் காப்பதற்காகவே போனேன். பையன் விளையாட்டாக ஓடியிருப்பான், தூணில் குறையில்லை என்று கடம்பராயர் சொன்னார். அதையே எழுதிக் கையெழுத்திடலாம் என்று நானும் எண்ணினேன். கைகளில் பச்சிலை கட்டி உட்கார்ந்திருந்த தாழையை ஒப்புக்கு விசாரித்தேன். நடந்ததைச் சொன்னாள். கடைசியில், அவன் விழுந்த பிறகும் என்னோடு பேசினான் ஐயா என்றாள். எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். எயினன் மாடத்திலிருந்து விழுந்த பின்புதான், படியில் நின்று புளிச்சோறு என்று சிரித்தானாம். முன்னொரு நாளில் அவன் சொன்ன சொல்லை எடுத்துத் தூண் அவன் வாயில் வைத்திருக்கிறது. இறந்துகொண்டிருந்த பிள்ளையின் முகத்தைக் கொண்டு மற்றப் பிள்ளைகளை அழைத்திருக்கிறது.

இது இப்படி ஆகும் என்று யாருக்காவது முன்பே தெரியுமா என்று கேட்டேன்.

உங்களுக்குத் தெரியுமே ஐயா என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை, வேந்தே. தெரிந்த ஒன்றை நினைவூட்டுவது போலச் சொன்னாள். நான் எழுதிய ஓலையை ஆசிரியர் உங்களுக்கு அனுப்பினார், பதில் வரவில்லை, நீங்கள் சரிசெய்திருப்பீர்கள் என்று இருந்துவிட்டேன் என்றாள்.

ஓலைப் பெட்டகத்தை நானே திறந்து தேடினேன். மூன்று மாதத்துக்கு முந்திய கட்டில் அது கிடைத்தது. பள்ளிப் பிள்ளையின் வட்டமான எழுத்து. கை கொக்கியைத் தொடுமுன்பே கவசம் கழன்றதாகத் தெரிகிறது, இரண்டு முறை ஏமாந்தேன், சிறிய வகுப்புப் பிள்ளைகள் கண்டுபிடிக்க மாட்டார்கள், தயவுசெய்து பார்க்க வேண்டும் என்று இருந்தது. அதன் கீழே இன்னொரு கை எழுதியிருந்தது. மாணவி கற்பனை மிகுந்தவள், மேற்கொண்டு ஏதும் செய்ய வேண்டா. அது என் கை. தங்கள் தூதர்கள் கவசங்களைப் பார்க்க வந்திருந்த வாரம் அது. அவர்கள் காதில் விழக்கூடாது என்று அந்த ஓலையைக் கட்டின் அடியில் செருகியது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெட்டகத்தின் முன் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. என் நெற்றியை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று காவலர்கள் பின்னர் சொன்னார்கள்.

நேற்று அவ்வோலையைத் தேவியார் முன் வைத்தேன். படித்தார். மறுமுறையும் படித்தார். உள்ளங்கையை நீட்டினார். என் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அதில் வைத்தேன்.

இனித் தேவியாரின் ஆணையும் வேண்டுகோளும். பளிங்குமலை நாட்டில் உள்ள ஒளித்தூண்கள் அனைத்தும் இன்று அணைக்கப்பட்டன. கடம்பராயரும் நானும் ஊரவை விசாரணைக்கு நிற்கிறோம். தங்கள் நாட்டுக்கு வரும் அறுபது கவசங்களையும் அவற்றோடு வரும் ஒளித்தூணையும் கரையிறக்காமல் ஆழ்கடலில் போடுமாறு வேண்டுகிறோம். ஒன்று முன்பே திறக்கப்பட்டிருந்தால், அதை அணிந்த பிள்ளையை உயரமான இடத்திலிருந்தும் நீர்நிலையிலிருந்தும் அடுப்பிலிருந்தும் விலக்கி, பின்கொக்கியை மற்றவர் கையால் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டேன் என்று அந்தப் பிள்ளை சொன்னால் நம்ப வேண்டாம். குறை நீங்கிவிட்டது என்று நாளை எங்கள் நாட்டிலிருந்தே எவரேனும் எழுதினால், அதில் தாழை என்னும் மாணவியின் ஒப்பம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவள் ஒப்பமின்றி இனி எங்கள் கூடங்களில் எந்தப் பொறியும் ஏறாது என்பது தேவியாரின் கட்டளை.

இவ்வோலை அவையில் எல்லோர் முன்னும் உரக்கப் படிக்கப்படுக. என் பெயர் வரும் பகுதியைக் குறைக்காமல் படிக்கப்படுக. இதன் முடிச்சில் பதிந்தது செங்காந்தள் தேவியாரின் முத்திரை. என் முத்திரை என்னிடம் இல்லை.

இதைக் கொண்டு வருபவர் பெயர் நெடுங்கண்ணர், படகோட்டி. ஆறு நாள் முந்திப் போன கப்பலைப் பிடிக்க எங்கள் கரையில் யாரால் முடியும் என்று துறைமுகத்தில் கேட்டபோது, தன்னால் முடியும் என்று அவர்தான் முன்வந்தார். எயினனின் தந்தை அவர். நான்கு நாளாக ஒன்றும் உண்ணவில்லை. நான் கெஞ்சியும் கேட்கவில்லை, அங்கே உள்ள பிள்ளைகள் தப்பினார்கள் என்று தெரிந்த பிறகு சாப்பிடுகிறேன் என்று சொல்லித் துடுப்பை எடுத்துக்கொண்டார். பெட்டிகள் கடலில் விழுந்ததை அவர் கண்ணால் காணும்படி செய்து, பிறகு அவருக்கு ஒரு பிடி சோறு கொடுக்கச் சொல்லுங்கள்.