திறப்பை எடுத்தாலும் நிற்காத பாட்டு

மச்சான்,

நேற்றுக் காலை உன் லொறியின் இடப்பக்கக் கதவைத் திறந்ததும் கற்பூர வாசம் முகத்தில் அடித்தது. அதற்குள் டீசல் மணமும் கச்சான் கடலைக் கோதின் மணமும் கலந்திருந்தன. நீ போய் ஒரு வருடம் ஆகவில்லை, ஆட்டைத் திவசம் இன்னும் வரவில்லை, உன் மணம் மட்டும் இறங்காமல் இருக்கிறது. கண் கலங்கினால் வயரின் நிறம் தெரியாது என்று என்னை நானே அதட்டிக்கொண்டுதான் உள்ளே ஏறினேன்.

லொறியைப் புத்தூரிலிருந்து கொக்குவிலுக்கு, என் கராஜ் வாசல்வரை ஓட்டி வந்தவள் உன் மனைவி. நீ இருந்த காலத்திலேயே பார வாகன லைசன் எடுத்தவள் என்பது எனக்குத் தெரியும். நீ போனபிறகு உன் ஓட்டங்களை அவளே ஓடுகிறாள் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அந்த ஒடுங்கிய ஒழுங்கைக்குள் பின்பக்கமாக விட்டு, மதிலில் ஒரு கீறல் படாமல் நிறுத்தினாளே, அது உன்னாலும் ஏலாத காரியம். கோபிக்காதே, உண்மையைத்தானே சொல்கிறேன்.

இறங்கி வந்தவளின் முகம் சரியில்லை.

"அண்ணை, இவரின்ரை பாட்டுப் பெட்டியளையும் அம்பிளிபயரையும் கழட்டித் தாங்கோ. லொறியை விக்கப்போறன்."

"ஏன் பிள்ளை, ஓட்டம் இல்லையோ?"

"ஓட்டம் இருக்கு. லொறிதான் காலமையிலை ஸ்ராட் வருகுதில்லை. புதுப் பற்றரி போட்டாச்சு. ஸ்ராட்டர் பாத்தாச்சு. சார்ச் ஏறுதோ எண்டும் பாத்தாச்சு, எல்லாம் சரியாம். பிறகும் ஒவ்வொரு நாளும் ஆள் பிடிச்சுத் தள்ளவேண்டிக் கிடக்கு. பொம்பிளை ஓடினா உப்பிடித்தான் எண்டு அத்தான் றோட்டிலை வைச்சுச் சொல்லுறார்."

அத்தான் என்று அவள் சொன்னது உன் மூத்த அண்ணரைத்தான். அவருக்கு அந்த லொறியில் எப்போதும் ஒரு கண் இருந்தது உனக்குத் தெரியாததா?

"நாளைக்குச் சுன்னாகத்திலை வாழைக்குலை ஏத்திக் கொழும்புக்குப் போகவேணும்," என்றாள். "நாளைக்கும் ஸ்ராட் வராட்டி வேறை லொறி பிடிப்பன் எண்டு வியாபாரி சொல்லிப்போட்டார். அந்த ஓட்டமும் போனா நான் இதை வைச்சிருந்து என்ன செய்யிறது?"

எனக்கு உடனே பொறி தட்டியது. "பாட்டுப் போடுறனீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. அவர் போனாப் பிறகு ரேடியோவைத் தொட்டதே இல்லை."

திறப்பு அவள் கையில் இருந்தது, சாவித் துவாரம் வெறுமையாக இருந்தது. நான் சீற்றுக்குப் பின்னால் கையை விட்டு உன் அம்பிளிபயரைத் தொட்டேன். சுட்டது. மாதக்கணக்காக ஒரு பாட்டும் பாடாத அந்தச் சாமான், இரவு பகலாக விழித்திருந்து பற்றரியைக் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. மச்சான், அந்தச் சூட்டில் கையை வைத்தபடி உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உன் மனைவி நிற்பதால் மனதுக்குள்தான்.

லொறி வாங்கிய புதிதில் நாம் இரண்டு பேரும் பட்ட சண்டை உனக்கு ஞாபகம் இருக்கும். தடித்த சிவப்பு வயர் பற்றரியிலிருந்து நேரே வரவேண்டும், பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்கவேண்டும். அதில் உனக்கும் எனக்கும் பிணக்கில்லை. அம்பிளிபயரை எழுப்புகிற அந்த மெல்லிய வயரில்தான் பிரச்சினை வந்தது. அதைத் திறப்போடு சேர்ப்பேன் என்று நான் பிடிவாதமாக நின்றேன். திறப்பை ஒரு படி திருப்பினால் எழும்பவேண்டும், திறப்பை எடுத்தால் படுத்துவிடவேண்டும். ஊரில் எல்லா வண்டிக்கும் நான் அப்படித்தான் செய்கிறேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"கொழும்புக்குப் போற வழியிலை, முறிகண்டியிலை, திறப்பைக் கொண்டுபோய்ப் பிள்ளையாருக்கு முன்னாலை வைச்சுத்தான் நான் கும்பிடுறனான். அதுக்காகப் பாட்டை நிப்பாட்டுறதோ? அவரும் கேக்கட்டும், விடு."

"பற்றரி செத்துப்போகும் மச்சான்."

"நான் இருக்கேக்கை அது என்னெண்டு சாகும்?"

உன்னோடு கதைத்து வென்றவர் யார்? கடைசியில் மெல்லிய வயரையும் ரேடியோவின் வயரையும் பற்றரியோடு நேரே சேர்த்தேன். இடையில் ஒரு சின்னச் சுவிச்சை வைத்து, உன் சீற்றுக்குக் கீழே, கை தானாகப் போகிற இடத்தில் பொருத்திப் பூட்டினேன். நீ இறங்கும்போதெல்லாம் குனியாமலே அதைத் தட்டி நிறுத்துவாய். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் மறந்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். உன் பற்றரி மற்றவர்களுடையதை விடக் கூடக் காலம் உழைத்தது.

ஆனால் சந்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சரிந்த அன்று, உன்னை ஒரு வான் வண்டியில் ஆசுபத்திரிக்கு ஏற்றினார்கள். லொறியை வேறு யாரோ ஓட்டிக்கொண்டுபோய் உன் வீட்டு வளவில் விட்டார்கள். ரேடியோவை நிறுத்தினார்கள், திறப்பை எடுத்தார்கள், எல்லாம் நின்றுவிட்டது என்று நினைத்தார்கள். சீற்றுக்குக் கீழே கை விட அவர்களுக்கு எப்படித் தெரியும்?

உன் மனைவியைச் சீற்றில் இருத்தி, கையைக் கீழே விடச் சொன்னேன். தடவினாள். விரலில் சுவிச் அகப்பட்டது.

"இந்த மனிசன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதோ?" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நான் மற்றப் பக்கம் திரும்பி, தேவையே இல்லாமல் கையிலிருந்த குறட்டைத் துடைத்தேன்.

"இறங்கேக்கை சுவிச்சை நிப்பாட்டினாக் காணும், பற்றரி சாகாது," என்றேன். "அவன் ஆசைப்பட்டது. அப்பிடியே விடட்டோ?"

கண்ணைத் துடைத்துவிட்டு யோசித்தாள். "வேண்டாம் அண்ணை. திறப்போடை சேத்து விடுங்கோ. அவருக்குக் கை தானாப் போகும், அவர் ஓடினார். இப்ப ஓடுறது நான். நான் திறப்பை எடுத்தா எல்லாம் நிக்கவேணும்."

"பெட்டியள் கழட்டுறதோ?"

"என்னத்துக்கு? கொழும்புக்குத் தனியப் போறன், பாட்டு வேணும்."

பிறகு வேலை என்ன, அரை மணித்தியாலம்கூட இல்லை. திறப்புக்குப் பின்னால் இருக்கிற வயர்களைச் சோதனை பல்பால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு படி திருப்பினால் மட்டும் கரண்ட் வருகிற வயரைக் கண்டுபிடித்து, சின்னப் பியூஸ் ஒன்று போட்டு, அம்பிளிபயரின் மெல்லிய வயரையும் ரேடியோவின் வயரையும் அதில் சேர்த்து ஈயம் வைத்து ஒட்டினேன். நான் ஒட்டிய இணைப்பு ஒன்று அவிழ்ந்து திரும்பி வந்ததை இந்தக் குடாநாட்டில் எவரும் கண்டதில்லை. அவள் திறப்பைத் திருப்பினாள், அம்பிளிபயரின் லைற் பற்றியது. எடுத்தாள், அணைந்தது. மூன்று நாலு தரம் செய்து பார்த்துவிட்டுத்தான் ஓம் என்று தலையாட்டினாள்.

இன்று விடியச் சுன்னாகம் சந்தைக்கு நானும் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. லொறியை அவள் நேற்றுப் பின்னேரமே கொண்டுவந்து சந்தையில் விட்டிருந்தாள். உன் அண்ணர் தள்ளுவதற்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். குலைகள் ஏற்றி முடிந்தன, மேலே மூடிப் படங்கு கட்டி முடிந்தது. வியாபாரி மணிக்கூட்டைப் பார்த்தார். அவள் ஏறிச் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு திறப்பைத் திருப்பினாள். ஒரே அடி. இயந்திரம் பிடித்துக்கொண்டது.

"இண்டைக்கு வந்திட்டுது. நாளைக்குப் பாப்பம்," என்றார் உன் அண்ணர்.

"நாளைக்கு நான் கொழும்பிலை நிப்பன் அத்தான்," என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டாள். உன் ரசனைப் பாட்டு இல்லை, இந்தக் காலத்துப் பாட்டு. சந்தையே திரும்பிப் பார்க்கக் காங்கேசன்துறை வீதியில் லொறியை ஏற்றி விட்டாள்.

எல்லாரும் கலைந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் போக மனம் வரவில்லை. நம் சண்டையில் நான் வென்றுவிட்டேன் மச்சான், ஊரே சாட்சி. "நான் அப்பவே சொன்னனான் எல்லோ" என்று உன் முகத்துக்கு நேரே சொல்ல எத்தனை வருடமாகக் காத்திருந்தேன். சொல்லத் திரும்பினேன். பக்கத்தில் வாழைச் சருகு கூட்டுகிற மனுசிதான் நின்றார். அந்த ஒரு வசனம் இன்னும் என் வாயிலேயே கிடக்கிறது. அதை வேறு ஒருவருக்குச் சொல்லவும் மனம் வரவில்லை.